அக்கா படித்த பிரெஞ்சு

என் அக்காவுக்கு வாய் பெரியது. அவளே ஒப்புக்கொள்வாள். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸின் விளிம்பைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை அவளுக்கு. தேய்க்கிற மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித்தான் தொண்டை இப்படி ஆகிவிட்டது என்பாள். பச்சைப் பொய். பாவாடை கட்டுகிற வயதிலேயே அவள் என்னைக் கூப்பிட்டால் அடுத்த தெருவே திரும்பிப் பார்க்கும். அந்த வாயிடம் முழுசாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் உலகத்தில் ஒருவர்தான். அவள் வீட்டுக்காரர், எனக்கு மாமா.

அதையும் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது போனில்தான். கல்யாணமான மறு வருஷமே பிரெஞ்சு பேசுகிற ஒரு தேசத்துக்கு, ஹோட்டல் சமையலறை வேலைக்குப் போய்விட்டார். முதலில் அண்டா கழுவினார், அப்புறம் காய் நறுக்கினார், கடைசியில் சூப் அவர் பொறுப்புக்கு வந்தது. எப்போதாவது லீவில் வருவார், வந்த பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் திரும்பிப் போகிற நாள் வந்துவிடும். மகள் பிறந்தது, நடந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் அவருக்குப் போனில் போன சேதி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் அடிக்கும். அக்கா எடுத்ததும், "ஏங்க, உயிரோடதான் இருக்கீங்களா?" என்று ஆரம்பிப்பாள். அப்புறம் மடை திறந்துவிட்ட மாதிரிதான். அந்தப் பக்கம் அவர் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருப்பார். "ம் கொட்டறதுக்கா போன் போட்டீங்க? செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி ஊதிக்கிட்டிருக்கேன்!" என்று கத்துவாள். அதற்கும் ஒரு "ம்" வரும். இவர்கள் குடித்தனம் நடத்திய லட்சணம் இதுதான்.

தலை முழுக்க நரைத்த பிறகு, போதும் என்று ஒரேயடியாக ஊருக்கு வந்தார். "இனிமே நேர்லயே திட்டு வாங்கிக்கறேன்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு யார் கண் பட்டதோ, சில மாதம்கூட ஆகவில்லை, ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சரிந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கை விழுந்துவிட்டது, கால் இழுத்துக்கொண்டது. பேச்சு மட்டும் கொஞ்ச நாளில் திரும்பியது. திரும்பியதுதான் திரும்பியது, தமிழாகத் திரும்பக் கூடாதா? பிரெஞ்சாகத் திரும்பியது.

"அபூர்வமா இப்படி நடக்கும்மா," என்றார் டாக்டர். "பிற்பாடு கத்துக்கிட்ட மொழி தங்கிடுச்சு, பிறந்ததுலேர்ந்து பேசினது போயிடுச்சு. ஞாபகமும் இடம் மாறிக் கிடக்கு. திரும்ப வரலாம். வராமலும் போகலாம்."

"வரலாம், வராமலும் போகலாம்னு சொல்றதுக்கு எதுக்குடி டாக்டருக்குப் படிக்கணும்? அதை நானே சொல்லுவேனே!" என்றாள் அக்கா, வெளியே வந்ததும், அந்த டாக்டர் காதில் விழுகிற மாதிரி.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு விஷயம் எங்களை வாட்டியது. பொழுது சாய்கிற நேரத்தில் மாமா ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வார். தெருவைப் பார்ப்பார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி ஒரு வாக்கியம் சொல்வார். தினமும் அதே வாக்கியம்தான். முடிவு கேள்வி மாதிரி மேலே ஏறும். பதிலுக்குக் காத்திருப்பார். நாங்கள் தமிழில் ஏதாவது சொன்னால், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் பேசிக்கொள்வதைக் கேட்கிறவர் போல மரியாதையாகப் பார்ப்பார். மறுபடியும் கேட்பார். அப்புறம் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். வாய் வேறு கோணிவிட்டதால் வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு வரும். மகள் தன் போனை அவர் வாயருகே நீட்டி மொழிபெயர்க்கப் பார்த்தாள். "என் குதிரைக்குத் தொப்பி வேண்டும்" என்று காட்டியது அது. இன்னொரு தடவை நீட்டியபோது குதிரையும் போய்த் தொப்பி மட்டும் நின்றது.

"ஒரே ஒரு வாக்கியம்டி," என்றாள் அக்கா. "எங்கயாவது வலிக்குதுன்னு சொல்றாரா, ஏதாவது வேணும்னு கேக்கறாரா? கட்டின புருஷன் பக்கத்துல உக்காந்து கெஞ்சறாரு, எனக்கு என்னன்னு தெரியல. நான் இருந்து என்ன பிரயோஜனம்?"

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவள் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், நாள் முழுக்க நின்று கால் கடுத்துப் போய்த் திரும்புகிறவள், எனக்கு எதற்குப் பிரெஞ்சு? "எழவெடுத்த மொழி, தனியா கத்துக்க பயமா இருக்குடி" என்றாள். அவள் வாயிலிருந்து பயம் என்ற வார்த்தை வந்து நான் கேட்டதில்லை, அதனால் போனேன். பெரியவர்களுக்கான சாயங்கால வகுப்பு. ஆனால் நடப்பது சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில். முழங்கால் நெஞ்சில் இடிக்க அந்தக் குட்டி பெஞ்சுகளில் எல்லோரும் உட்கார்ந்திருப்போம். பேங்கில் வேலை பார்க்கிற ஒருவர், ரொட்டிக்கடைக்காரர் ஒருவர், வெளிநாடு போகக் காத்திருக்கிற நர்ஸ், அக்கா, நான். டீச்சர் பகலில் டிராவல்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிற பெண். வரும்போதே பாதி உயிர்தான் அவளிடம் மிச்சம் இருக்கும்.

முதல் வருஷம் வணக்கம், நிறம், கிழமை என்று ஓடியது. இரண்டாம் வருஷம் எங்களைத் தூக்கிக் கீழ் இடைநிலை வகுப்பில் போட்டார்கள். திரிசங்கு சொர்க்கம் என்பார்களே, அதுதான். ஒன்றும் தெரியாது என்று சொல்லவும் முடியாது, தெரியும் என்று வாயைத் திறக்கவும் முடியாது. டீச்சர் ஒரு முறை வைத்திருந்தாள். பாடம் முழுக்க ஒரு ஹோட்டலில் நடக்கும். ஆளுக்கு ஒரு வேஷம், வருஷம் முழுக்க அதுதான். பேங்க்காரர் மேனேஜர். ரொட்டிக்கடைக்காரர் டாக்சி ஓட்டுகிறவர். நான் பெட்டியைத் தொலைத்துவிட்ட விருந்தாளி, எப்போதும் பெட்டி எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். குரல் கணீரென்று இருக்கிறது என்று அக்காவை வரவேற்பு மேசையில் உட்கார வைத்தாள்.

வீட்டில் இருக்கிற சாமான்கள் எல்லாவற்றின் மேலும் அதன் பிரெஞ்சுப் பெயரை எழுதி ஒட்டுங்கள், போகும்போதும் வரும்போதும் கண்ணில் படட்டும் என்றும் சொன்னாள். மகள் பெரிய பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். கதவு, ஜன்னல், அலமாரி, வாளி, விளக்கு ஒன்று விடாமல் அக்கா ஒட்டினாள். "உன் நெத்தி ஒண்ணுதான் பாக்கி, அதுலயும் ஒட்டிடவா?" என்றேன். "ஒட்டு. அப்பவாவது அவர் படிச்சுப் பார்த்து என்னை யாருன்னு தெரிஞ்சுக்கட்டும்" என்றாள்.

ஒரு சாயங்காலம் வகுப்பு முடிந்து வந்தவள், செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் ஜன்னலோரம் போய் நின்று, அன்றைக்குப் படித்த பாடத்தை அப்படியே ஒப்பித்தாள். "மாலை வணக்கம், ஐயா. எங்கள் ஹோட்டலுக்கு நல்வரவு. உங்களுக்கு என்ன உதவி செய்யட்டும்?"

மாமா சட்டென்று நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது. "மாலை வணக்கம், மதாம்," என்றார்.

மதாம் என்றால் அம்மணி. அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அவர் விழுந்ததிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் அவர் சொன்ன முதல் பதில் அது. அக்கா அடுக்களைக்கு ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பதில் சொன்னாருடி! எனக்குப் பதில் சொன்னாரு!" எனக்கும் அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு அந்த வீட்டில் விளக்குப் போடக்கூட மறந்து மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

அதிலிருந்து வீடே மாறிப்போனது. "சூப் சூடாக இருக்கிறது, ஐயா" என்று அக்கா சொன்னால் சாப்பிட்டார். "உங்கள் அறை தயார், ஐயா" என்றால் எழுந்து படுக்கைக்கு நடந்தார். மகளும் நாலு வாக்கியம் கற்றுக்கொண்டாள். அவர் எதிரில் யாரும் தமிழ் பேசக் கூடாது, குழம்பிவிடுவார் என்று அக்கா சட்டம் போட்டாள். அவளே சட்டத்தை மீறி என்னை "ஏய் மூதேவி" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். அந்தக் கேள்வியை மட்டும் அவர் விடவில்லை. ஆனால் அழுகை குறைந்திருந்தது. கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார். அக்கா ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்தாள். முதலில் "எப்போது" பிடிபட்டது. ரொம்ப நாள் கழித்து "நான்". நடுவில் இருந்தது மட்டும் வழுக்கிக்கொண்டே இருந்தது.

ரயில், லீவு, புறப்பாடு என்று பயணப் பாடம் ஆரம்பித்த வாரத்தில் அது நடந்தது. நான் அடுக்களையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். உள்ளே மாமா கேட்கிற குரல், அதே வாக்கியம். அக்கா ஏதோ திருப்பிக் கேட்டாள். அவர் நிதானமாக, நிறையப் பேசினார். அக்கா வந்து பாத்திரம் கழுவுகிற தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புரிஞ்சிடுச்சுடி."

"என்னவாம்க்கா?"

"ஊருக்கு எப்ப போகலாம்னு கேக்கறாரு."

"எந்த ஊருக்கு?"

"இந்த ஊருக்குத்தான்."

எனக்கு முதலில் ஏறவில்லை. அவள் மூச்சு வாங்கச் சொன்னாள். "வேலையை முடிச்சுட்டாராம். வீட்டுல பொண்டாட்டி காத்துக்கிட்டிருக்காளாம். எப்ப அனுப்பி வைப்பீங்கன்னு கேக்கறாரு. எங்கிட்ட கேக்கறாருடி. நான் அந்த ஹோட்டல்காரியாம்."

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் சுவரைப் பார்த்தேன். அலமாரியில், கதவில், வாளியில் எல்லாம் பிரெஞ்சு. மனுஷன் விழித்த நாளிலிருந்து வீட்டுக்குப் போகணும் என்றுதான் கேட்டிருக்கிறார். அப்போதாவது காதில் தமிழ் விழுந்துகொண்டிருந்தது, அவருக்கு உள்ளே எங்காவது ஒரு சந்தேகம் இருந்திருக்கலாம். நாங்கள் மெனக்கெட்டு, காசு கட்டிப் படித்து, அவரைச் சுற்றி அந்தத் தேசத்தையே கட்டி வைத்துவிட்டோம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்த கதைதான். எனக்கு எங்கள் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

மறுநாளே எல்லாச் சீட்டையும் பிய்த்தோம். பெயிண்ட்டும் சேர்ந்து உரிந்து, வீடு முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு. அக்கா அவர் எதிரில் மண்டியிட்டுத் தமிழில் சொன்னாள். "நான்தாங்க. இது நம்ம வீடுங்க. வந்துட்டீங்க. வந்து ரொம்ப நாளாச்சு." அவர் மிரண்டு போனார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு "மதாம்! மதாம்!" என்று கூப்பிட்டார். தன்னைப் பார்த்துப் பயந்து தன்னையே கூப்பிடுகிறார் என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

கல்யாண போட்டோவைக் காட்டினாள். அவர் மணப்பெண்ணைத் தொட்டுப் பார்த்தார். "என் மனைவி, மதாம்," என்று பெருமையாகச் சொன்னார். "நல்லவள். ஆனால் வாய் அதிகம்." போட்டோவையும் பார்த்தார், எதிரில் இருப்பவளையும் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசி முயற்சியாக, டீச்சரிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்து, பிரெஞ்சிலேயே சொன்னாள். "நான்தான் உங்கள் மனைவி." மாமா கூச்சப்பட்டுச் சிரித்தார். "நீங்கள் ரொம்ப நல்லவர், மதாம். ஆனால் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது."

அன்றோடு வகுப்பை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. பயணத் தடங்கல் என்று ஒரு பாடம் வந்தது. அதை எழுத்து எழுத்தாகப் படித்தாள். சாயங்காலம் அவர் கேட்கும்போது, "இன்று பனி பெய்கிறது, ஐயா. விமானம் இல்லை. நாளைக்குப் போகலாம்" என்றாள். மறுநாள் ரயில்வே வேலைநிறுத்தம். அதற்கடுத்த நாள் புயல். அவர் ஒவ்வொரு நாளும் துண்டையும் சட்டையையும் இடது கையாலேயே ஒரு பையில் திணித்துத் தயாராக உட்கார்ந்திருப்பார். காலையில் அக்கா பிரித்து அடுக்குவாள். "பரவாயில்லை, மதாம். புயலுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று அவளுக்கே ஆறுதல் சொல்வார்.

"பொய் சொல்றதுக்கா இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கறே?" என்றேன் எரிச்சலில்.

"உண்மையைச் சொல்லிப் பாத்தேன்ல? நம்பினாரா? போடி உன் வேலையைப் பாத்துக்கிட்டு."

இப்படியே போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒருநாள் அவர் புதுசாக ஒன்று கேட்டார். நான் வரத் தாமதமாகும் என்று என் மனைவிக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள், சாப்பிடாமல் காத்திருப்பாள் என்றார். சொல்லிவிட்டேன் ஐயா என்றாள் அக்கா. "என்ன சொன்னாள்?" என்று கேட்டார் மாமா. அக்காவுக்கு அதற்கு வாக்கியம் இல்லை.

அடுத்த வகுப்பில் கேட்டாள். டீச்சர் கரும்பலகையில் அழகாக எழுதிப் போட்டாள்: "கவலைப்படாதீர்கள். மெதுவாக வாருங்கள். நான் அன்போடு காத்திருக்கிறேன்." எங்கள் கதை வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். பேங்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்து, ஒரு பிழை இல்லாமல் அவரிடம் சொன்னாள். மாமா யோசித்தார். பிறகு உறுதியாகத் தலையை ஆட்டினார்.

"அது என் மனைவி இல்லை, மதாம். நீங்கள் தப்பான நம்பருக்குப் பேசியிருக்கிறீர்கள்."

அடுக்களைக்கு வந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். "என்னை எவ்வளவு நல்லா தெரிஞ்சு வச்சிருக்காரு பாரு, அந்த மனுஷன்!" என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே உடைந்து அழுதாள்.

பிரெஞ்சில் எப்படித் திட்டுவது என்று டீச்சரிடம் கேட்டாள். "அதெல்லாம் இந்த லெவல்ல கிடையாதுங்க," என்றாள் அந்தப் பெண் பாவமாக. வற்புறுத்திக் கேட்டதற்கு ஒன்று சொல்லிக் கொடுத்தாள்: "உங்கள் தாமதத்தால் நான் மிகவும் அதிருப்தி அடைந்துள்ளேன்."

"இது திட்டா? கரண்ட் ஆபீசுக்குப் புகார் எழுதற மாதிரி இருக்கு," என்று அக்கா புத்தகத்தை மூடினாள்.

அன்றைக்கு வீடு திரும்பியபோது மாமா விடுகிற மாதிரி இல்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, நானே பேசுகிறேன், என் மனைவியைக் கூப்பிட்டுக் கொடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தார். அக்கா, வகுப்பில் நூறு தடவை சொல்லியிருந்த அந்த வரவேற்பு மேசை வசனத்தைச் சொன்னாள். "சற்று இருங்கள், ஐயா. இணைப்பு தருகிறேன்." அவருடைய பழைய போனைத் தேடி எடுத்து இடது கையில் வைத்தாள். தன் போனோடு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் நடையில் நின்றேன்.

மாமா கையில் போன் அடித்தது. கட்டை விரலால் தடவித் தடவி எடுத்துக் காதில் வைத்தார்.

"ஏங்க, உயிரோடதான் இருக்கீங்களா?"

கதவு சாத்தியிருந்தும் அவள் குரல் கூடம்வரை கேட்டது. கொஞ்சம் நடுங்கியது, அவ்வளவுதான். அப்புறம் மடை திறந்துகொண்டது. "கல்யாணம் பண்ணி என்னத்தைக் கண்டேன் நானு? பொண்ணு காய்ச்சல்ல கிடந்தப்ப அங்க யாருக்கோ சூப்பு வச்சுக்கிட்டிருந்தீங்க. வர்றேன் வர்றேன்னு வந்தீங்களே, முழுசா ஒரு வருஷம் என் கூட இருந்தீங்களா? அதுக்குள்ள விழுந்தாச்சு! பக்கத்துலயே குத்துக்கல்லு மாதிரி நிக்கறேன், பொண்டாட்டி எங்கன்னு கேக்கறீங்க. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறேன், என் புருஷன் கண்ணுக்கு நான் தெரியல. எங்கங்க போய்த் தொலைஞ்சீங்க? நான் எங்க வந்துங்க உங்களைத் தேடுவேன்?"

அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. சத்தியமாகப் புரிந்திருக்காது. ஆனால் அவர் முதுகு நிமிர்ந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ம்," என்றார்.

அடுக்களையில் சத்தம் நின்றது.

"ம்... ம்..." என்றார் மறுபடியும். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ம் கொட்டறதுக்கா போன் போட்டீங்க?" என்று அக்கா கத்தினாள். அது பாதியிலேயே அடைத்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. முகம் கழுவிக்கொண்டு கதவைத் திறந்து வந்தாள். இப்போது தெரிந்துவிடும், இந்தத் தடவை பார்த்தவுடனே பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார் என்று, கடவுளே, அப்படி நம்பினேன். அவளும் நம்பியிருக்க வேண்டும், தலைமுடியை ஒதுக்கிக்கொண்டுதான் அவர் எதிரில் போய் நின்றாள்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். போனை நெஞ்சோடு வைத்திருந்தார்.

"அவளேதான், மதாம்," என்றார். "ரொம்பக் கோபமாக இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நன்றி, மதாம். நாளைக்கும் இணைப்பு தருவீர்களா?"

"தருகிறேன், ஐயா," என்றாள் அக்கா பிரெஞ்சில். அவர் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டு போய்ச் சார்ஜில் போட்டாள்.